கரீபா என்னும் பொறி

ஆப்பிரிக்கக் கண்டத்தின் நிலப்படம் ஒன்றை எடுத்து விரித்துக்கொள்ளுங்கள். அதன் தென் பாதியில், ஜாம்பியாவின் வடமேற்கு மூலையிலுள்ள மேட்டு நிலத்தில் பிறந்து, வளைந்து வளைந்து கிழக்கே சென்று, மொசாம்பிக் நாட்டின் வழியாக இந்தியப் பெருங்கடலில் கலக்கும் ஒரு நீலக்கோடு தெரியும். அதுதான் ஜாம்பெசி ஆறு. நைல், காங்கோ, நைஜர் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக அக்கண்டத்தின் நான்காவது நீண்ட ஆறு. உலகப் புகழ்பெற்ற விக்டோரியா நீர்வீழ்ச்சி இந்த ஆற்றில்தான் இருக்கிறது.

அந்த நீர்வீழ்ச்சிக்குக் கீழே, ஜாம்பியாவும் ஜிம்பாப்வேயும் எல்லையாகப் பகிர்ந்துகொள்ளும் இடத்தில், மெல்லிய கோடு திடீரென்று தடித்து ஒரு நீண்ட நீலப் பட்டையாக மாறுவதைக் காண்பீர்கள். அது இயற்கை ஏரி அன்று; மனிதன் உண்டாக்கிய கரீபா நீர்த்தேக்கம். நீளம் ஏறத்தாழ 280 கிலோமீட்டர். பரப்பு 5,400 சதுர கிலோமீட்டருக்கு மேல். கொள்ளளவு 18,000 கோடி கன மீட்டர். உலகில் இன்றுள்ள எட்டு நூறு கோடி மக்களுக்கும் இந்த நீரைச் சமமாகப் பங்கிட்டால், ஆளுக்கு 22,000 லிட்டருக்கு மேல், அதாவது இரண்டு தண்ணீர் லாரி அளவு கிடைக்கும். கொள்ளளவைக் கொண்டு பார்த்தால், மனிதன் உண்டாக்கிய நீர்த்தேக்கங்களில் உலகிலேயே மிகப் பெரியது இதுதான்.

ஆற்றின் ஒடுங்கிய மலையிடுக்கின் வாயிலில் இருந்த ஒரு பாறைதான் இவ்விடத்துக்குப் பெயர் தந்தது என்பார்கள். விலங்கு பிடிக்க வைக்கும் பொறி போன்ற தோற்றமுடையதால் அப்பாறைக்கு அப்பகுதி மக்கள் 'பொறி' என்னும் பொருள்படும் பெயரை இட்டிருந்தார்கள். அதுவே 'கரீபா' என்று திரிந்தது என்று சொல்லப்படுகிறது. தமிழில் பொறி என்றால் எந்திரம் என்றும் பொருள் உண்டு. இரண்டு பொருளும் கரீபாவுக்குப் பொருந்தும் என்பதை மேலே படிக்கும்போது நீங்களே உணர்வீர்கள்.

ஏன் இந்த அணை?

இன்றைய ஜாம்பியா அன்று வட ரொடீசியா. இன்றைய ஜிம்பாப்வே தென் ரொடீசியா. இவற்றோடு நியாசாலாந்தையும் (இன்றைய மலாவி) சேர்த்து, பிரிட்டிஷ் ஆட்சியின்கீழ் 1953-இல் ஒரு கூட்டமைப்பு உருவாக்கப்பட்டது. வட ரொடீசியாவின் செல்வம் செம்பு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் செம்புக்கு உலகெங்கும் பெரிய தேவை ஏற்பட்டது. சுரங்கங்களில் நீரை இறைக்கவும், தாதுவை அரைத்து உருக்கவும், செம்பைத் தூய்மைப்படுத்தவும் ஏராளமான மின்சாரம் வேண்டும். அந்த மின்சாரத்துக்கான நிலக்கரியோ தெற்கிலிருந்து நெடுந்தொலைவு இரயிலில் வரவேண்டியிருந்தது. நிலக்கரி போதாமல் மரத்தை வெட்டி எரித்துச் சுரங்கங்களை நடத்திய காலமும் உண்டு.

ஆற்று நீரிலிருந்து மின்சாரம் எடுப்பதே வழி என்று முடிவாயிற்று. எந்த ஆற்றில் என்பதுதான் கேள்வி. வட ரொடீசியாவின் உள்ளே ஓடும் காபூவே ஆற்றில் கட்டலாம் என்பது ஒரு திட்டம். இரு நாடுகளின் எல்லையான ஜாம்பெசியில் கரீபாவில் கட்டலாம் என்பது மற்றொன்று. 1955-இல் கூட்டமைப்பு அரசு கரீபாவையே தேர்ந்தெடுத்தது. மின் நிலையமும் தென்கரையில்தான் அமைய வேண்டும் என்று முடிவு செய்தது. செம்பு வடக்கே, மின்சாரத்தின் சாவி தெற்கே. இந்த முடிவின் விளைவைப் பின்னர் பார்ப்போம்.

1956-இல் உலக வங்கி எட்டுக் கோடி டாலர் கடன் தந்தது. தனியொரு திட்டத்துக்கு அவ்வங்கி அதுவரை தந்த கடன்களில் இதுவே மிகப் பெரியது.

வில் போன்ற சுவர்

அணையை வடிவமைத்தவர் ஆந்திரே கோய்ன் என்னும் பிரெஞ்சுப் பொறியியல் அறிஞர். கட்டியது ஓர் இத்தாலியக் கூட்டு நிறுவனம்.

அணைகளில் பல வகை உண்டு. சில அணைகள் தம் எடையினாலேயே நீரைத் தாங்கி நிற்கும். அவற்றுக்கு அடிப்பகுதி மிக அகலமாக இருக்க வேண்டும். கரீபா அந்த வகை அன்று. அது வில் அணை. வில்லின் முதுகுப்புறம் நீரை நோக்கியிருக்கும். நீர் எவ்வளவு அழுத்துகிறதோ, அவ்வளவுக்கு வில்லின் இரு முனைகளும் இருபுறத்து மலைப் பாறைகளில் இறுகி ஊன்றிக்கொள்ளும். கல் வளைவு வைத்துக் கட்டிய பழைய பாலத்தை நினைத்துப் பாருங்கள். அந்த வளைவைத் தரையில் படுக்க வைத்தது போன்றதுதான் வில் அணை. காங்கிரீட் நசுக்கும் விசையை நன்றாகத் தாங்கும். இழுக்கும் விசையைத் தாங்காது. வில் வடிவத்தில் காங்கிரீட்டின் மேல் பெரும்பாலும் நசுக்கும் விசையே செயற்படுவதால், குறைந்த காங்கிரீட்டில் உறுதியான அணையைக் கட்ட முடிகிறது.

கரீபா அணையின் உயரம் 128 மீட்டர். மேல் விளிம்பின் நீளம் 617 மீட்டர். நூறு மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டரின் மேலும் நீரின் அழுத்தம் 100 டன். இதைத் தாங்கும் சுவரின் தடிப்போ அடியில் ஏறத்தாழ 25 மீட்டர் அளவுதான்.

வில் அணையின் உயிர்நிலை சுவரில் இல்லை. அது ஊன்றி நிற்கும் பாறையில் இருக்கிறது. இதை உலகம் ஒரு கொடிய நிகழ்ச்சியால் அறிந்துகொண்டது. இதே கோய்ன் பிரான்சில் வடிவமைத்த மால்பாசே என்னும் வில் அணை, 1959 டிசம்பர் 2 அன்று இரவு, பக்கத்துப் பாறை நழுவியதால் உடைந்தது. நானூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த ஆண்டே கோய்னும் காலமானார். கரீபாவிலும் தென்கரைப் பாறை போதிய உறுதியுடன் இல்லை என்று கண்டு, மலைக்குள்ளே காங்கிரீட் தாங்கிகள் அமைத்து அதை வலுப்படுத்த வேண்டியிருந்தது.

ஆறு சீறியது

ஓடும் ஆற்றின் நடுவே அணை கட்டுவது எப்படி? முதலில் ஆற்றின் ஒரு பகுதியைச் சுற்றித் தற்காலிகத் தடுப்பணை கட்டுவார்கள். உள்ளே இருக்கும் நீரை இறைத்துவிட்டு, காய்ந்த ஆற்றுப் படுகையில் அடித்தளம் போடுவார்கள். கரீபாவிலும் அப்படியே செய்தார்கள்.

1957-இல் எதிர்பாராத பெருவெள்ளம் வந்தது. பணி தடைப்பட்டது. இத்தகைய வெள்ளம் இனிப் பல ஆண்டுகளுக்கு வராது என்று எண்ணினார்கள். ஆனால் 1958-இல் அதைவிடப் பெரிய வெள்ளம் வந்தது. அதன் உச்சத்தில் ஒரு விநாடிக்கு 16,000 கன மீட்டர் நீர் பாய்ந்தது. இது எவ்வளவு பெரிது என்பதை ஒரு கணக்கால் அறியலாம். கரீபாவுக்கு ஓராண்டில் வந்து சேரும் நீர் சராசரியாக 4,000 கோடி கன மீட்டர். ஓராண்டில் ஏறத்தாழ 3 கோடியே 15 இலட்சம் விநாடிகள். வகுத்துப் பாருங்கள், சராசரி ஓட்டம் விநாடிக்கு 1,270 கன மீட்டர் என்று வரும். வந்ததோ அதைப்போல் பன்னிரண்டு மடங்குக்கு மேல்! தடுப்பணை மூழ்கியது. ஆற்றின் குறுக்கே போட்டிருந்த பாலங்கள் அடித்துச் செல்லப்பட்டன.

ஜாம்பெசியில் நியாமிநியாமி என்னும் ஆற்றுத் தெய்வம் வாழ்கிறது என்பது அக்கரைவாழ் மக்களின் நம்பிக்கை. பாம்பின் உடலும் மீனின் தலையும் உடைய அத்தெய்வம் சினந்துவிட்டது என்று அவர்கள் சொன்னார்கள். பொறியியலாளர்கள் தங்கள் மழைக் கணக்குகளைத் திரும்பப் போட்டார்கள். வெள்ள நீரை வெளியேற்றும் மதகுகளின் எண்ணிக்கையைக் கூட்டி, இறுதியில் ஆறு மதகுகள் அமைத்தார்கள். குறுகிய கால அளவீடுகளை நம்பி ஒரு பேராற்றின் குணத்தை எடைபோட முடியாது என்பது அவர்கள் கற்ற பாடம்.

வேலை நிற்கவில்லை. 1958 டிசம்பரில் ஆறு அடைக்கப்பட்டு நீர் தேங்கத் தொடங்கியது. 1960 மே 17 அன்று இங்கிலாந்தின் அரசியன்னை முறைப்படி தொடங்கி வைத்தார். அணையில் பணியாற்றி உயிரிழந்தோர் எண்பதுக்கு மேற்பட்டவர்கள். அவர்களுள் 17 பேர் 1959-இல் நடந்த ஒரே விபத்தில் மாண்டவர்கள்.

மூழ்கிய ஊர்கள்

நிலப்படத்திலுள்ள அந்த நீலப் பட்டையின் அடியில் ஊர்கள் இருந்தன. குவெம்பே பள்ளத்தாக்கில், ஆற்றின் இரு கரைகளிலும் தோங்கா மக்கள் வாழ்ந்தார்கள். வெள்ளம் வடிந்ததும் ஆறு விட்டுச்செல்லும் வண்டல் மண்ணில் பயிரிடுவார்கள்; மழைக்காலத்தில் மேட்டு நிலத்திலும் பயிரிடுவார்கள். மழை பொய்த்தாலும் ஆற்றோர நிலம் ஓரளவு கைகொடுக்கும். இரு கரைகளிலும் உறவினர்கள் இருந்தார்கள்; ஓடத்தில் ஏறிச் சென்று பெண் கொடுத்தும் பெண் எடுத்தும் வாழ்ந்தார்கள். மூதாதையர் கல்லறைகளும், மழை வேண்டி வழிபடும் இடங்களும் அங்கேயே இருந்தன.

இவர்களில் 57,000 பேர் இடம்பெயர்க்கப்பட்டார்கள். அணை வேண்டுமா என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. ஆறு இவ்வளவு தூரம் ஏறிவரும் என்பதை நம்புவதும் அவர்களுக்கு எளிதாயில்லை. ஆண்டுதோறும் வெள்ளத்தைக் கண்டவர்கள் அவர்கள். ஏறும் நீர் இறங்கும் என்பதுதான் அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்ட உண்மை.

வடகரையில் சிப்பேப்போ என்னும் தலைவரின் மக்கள் வெளியேற மறுத்தார்கள். 1958 செப்டம்பர் 10 அன்று காவல் படை வந்தது. ஈட்டி ஏந்திய கிராம மக்களை நோக்கித் துப்பாக்கி சுடப்பட்டது. எட்டுப் பேர் இறந்தார்கள். முப்பதுக்கு மேற்பட்டோர் காயமடைந்தார்கள். அதன்பின் மக்கள் லாரிகளில் ஏற்றப்பட்டார்கள்.

ஏரிக்கருகே போதிய நிலம் இல்லையென்று ஏறத்தாழ 6,000 பேர், 160 கிலோமீட்டருக்கு அப்பால், அணைக்குக் கீழேயுள்ள லுசிட்டு என்னும் இடத்தில் குடியேற்றப்பட்டார்கள். புதிய இடத்தில் நல்ல குடிநீருக்குத் தட்டுப்பாடு. நோய் பரவியது, குழந்தைகள் பலர் மாண்டார்கள். நெருக்கமாகக் குடியேறியதால், சில பத்தாண்டுகளுக்குள் நிலத்தின் மேல்மண் அரித்து வளம் குன்றியது. ஏரியின் இரு கரைகளிலும் இருந்த உறவினர்களுக்கிடையே இப்போது ஓடத்தில் எளிதில் கடக்க முடியாத, அலை புரளும் நீர்ப்பரப்பு.

இவற்றையெல்லாம் நாம் இன்று விரிவாக அறிவதற்குக் காரணம், எலிசபெத் கோல்சன், தேயர் ஸ்கடர் என்னும் இரு மானிடவியல் அறிஞர்கள். இவர்கள் 1956-இல், அதாவது மக்கள் இடம்பெயர்வதற்கு முன்பே, குவெம்பே பள்ளத்தாக்குக்குச் சென்று ஆய்வைத் தொடங்கினார்கள். பின்னர் பல பத்தாண்டுகளாக அதே குடும்பங்களைத் திரும்பத் திரும்பச் சென்று பார்த்து எழுதினார்கள். இடம்பெயர்க்கப்பட்டவர்களின் துயரம் வீடு கட்டிக் கொடுத்தவுடன் முடிந்துவிடுவதில்லை, அது தலைமுறைகளுக்குத் தொடரக்கூடியது என்பதை உலகத்துக்கு எண்களோடும் பெயர்களோடும் காட்டியது இந்த ஆய்வு.

விலங்குகளுக்கு ஒரு பேழை

நீர் ஏற ஏற மேடுகள் தீவுகளாயின. தீவுகள் சுருங்கின. அவற்றில் மானும் குரங்கும் பன்றியும் பாம்பும் காண்டாமிருகமும் சிக்கிக்கொண்டன. ரூப்பர்ட் பாதர்கில் என்னும் வனவிலங்கு அதிகாரியின் தலைமையில் ஒரு சிறு குழு படகுகளில் சென்று அவற்றை மீட்டது. விவிலியத்தில் வரும் நோவாவின் பேழையை நினைவூட்டும் வகையில் இம்முயற்சிக்கு 'நோவா நடவடிக்கை' என்று பெயர். கயிற்றால் கட்டினால் விலங்குகளின் தோல் உரிந்து புண்ணாயிற்று. ஆகவே பெண்கள் கொடுத்துதவிய பழைய நைலான் காலுறைகளைப் பின்னிக் கயிறாக்கினார்கள். சில ஆண்டுகளில் ஏறத்தாழ 6,000 விலங்குகள் காப்பாற்றப்பட்டன.

உலகப் பத்திரிகைகள் இந்தச் செய்தியை வியந்து வெளியிட்டன. வியக்கத்தக்கதுதான். ஆனால் அதே ஆண்டுகளில் அதே பள்ளத்தாக்கை விட்டு வெளியேறிய 57,000 மனிதர்களைப் பற்றி அந்த அளவுக்கு உலகம் பேசவில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

புதிய ஏரியின் பிணிகளும் செல்வமும்

ஓடும் நீர் நின்ற நீரானால் உயிரினங்களின் வாழ்க்கையே மாறிவிடுகிறது. மூழ்கிய காடும் புல்லும் அழுகியபோது, அவற்றிலிருந்த சத்துப் பொருள்கள் நீரில் கரைந்தன. அழுகுதலால் அடிநீரில் ஆக்சிஜன் குறைந்தது. நீருக்குக் கிடைத்த இந்தத் திடீர் உரத்தைப் பயன்படுத்திக்கொண்டது ஒரு மிதக்கும் பெரணி. சால்வினியா என்னும் இச்செடியின் தாயகம் தென் அமெரிக்கா. அணைக்கு மேலே ஆற்றில் முன்பே ஓரளவு இருந்தது. 1959-இல் ஏரியில் காணப்பட்டது. 1962-இல் ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீட்டர் பரப்பைப் போர்த்தியது. நம் நாட்டில் கேரளத்தின் காயல்களையும் வயல்களையும் பாழாக்கிய 'ஆப்பிரிக்கப் பாயல்' இதே செடிதான். பெயரில் ஆப்பிரிக்கா இருந்தாலும் அங்கும் அது வந்தேறியே.

பல ஆண்டுகளில் நீரிலுள்ள சத்து குறையவே கரீபாவில் செடியும் குறைந்தது. அதைத் தின்னும் ஒரு வகை வெட்டுக்கிளியையும் விட்டுப் பார்த்தார்கள். எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்வது எளிதன்று. ஏரி மூப்படையும்போது பிணியும் தணிகிறது என்பது மட்டும் தெளிவு.

மீன் கதை வேறு வகையானது. ஆற்று மீன்கள் கரையோரத்தில் வாழ்ந்தனவே அன்றி, புதிதாய்த் தோன்றிய ஆழமான நடு ஏரியைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை. ஆகவே 1967, 1968-ஆம் ஆண்டுகளில், தங்கனீக்கா ஏரியிலிருந்து கப்பெந்தா என்னும் விரலளவுள்ள சிறு மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். அது பெருகியது. இரவில் படகுகளில் விளக்கேற்றி வைத்தால் ஒளியை நாடி இம்மீன்கள் கூட்டமாக வரும்; வலையால் அள்ளி, உப்பிட்டு வெயிலில் உலர்த்துவார்கள். ஏழை மக்களின் புரத உணவு இதுதான். இம்மீன்களில் சில கரீபாவின் மின் நிலையச் சுழலிகள் வழியாக உயிருடன் தப்பி, கீழே மொசாம்பிக்கில் 1974-இல் உண்டான காகோரா பாசா ஏரியிலும் குடியேறிவிட்டன!

நிலம் நடுங்கியது

கரீபா பள்ளத்தாக்கு நிலநடுக்கத்துக்குப் பெயர்பெற்ற இடம் அன்று. ஆனால் நீர் தேங்கத் தொடங்கியபின் சிறு சிறு நடுக்கங்கள் பதிவாயின. 1963 செப்டம்பரில் ஏரி நிரம்பியது. அதே மாதம் ரிக்டர் அளவில் 5.8 அல்லது அதற்குச் சற்று மேற்பட்ட நிலநடுக்கம் ஏற்பட்டது. அணைக்குப் பெரிய சேதமில்லை.

நீர் எப்படி நிலத்தை நடுங்கச் செய்யும்? ஒரு கன மீட்டர் நீரின் எடை ஒரு டன். ஆகவே ஏரியின் எடை 18,000 கோடி டன். முன்பு இல்லாத இந்தச் சுமை ஒருபுறம். மற்றொருபுறம், நீர் பாறைப் பிளவுகளுக்குள் புகுந்து, பிளவின் இரு பக்கங்களையும் உள்ளிருந்து விலக்கி அழுத்துகிறது. இறுகப் பற்றியிருந்த பாறைகளின் பிடி தளர்கிறது. நெடுங்காலமாகத் தேங்கியிருந்த இறுக்கம் ஒரு நொடியில் வெளிப்படுகிறது. நிலநடுக்கத்தின் ஆற்றலைத் தருவது பூமியே. நீர் செய்வது துப்பாக்கியின் விசையைத் தட்டுவது மட்டும்.

இது ஆப்பிரிக்காவுக்கு மட்டும் உரிய செய்தி அன்று. மகாராட்டிரத்தில் கொய்னா அணைக்கருகே 1967 டிசம்பரில் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் ஏறத்தாழ 200 பேர் மாண்டார்கள். சீனாவில் சின்பெங்கியாங், ஆப்பிரிக்காவில் கரீபா, கிரீசில் கிரெமாஸ்டா, இந்தியாவில் கொய்னா ஆகிய நான்கையும் வைத்துத்தான் நீர்த்தேக்க நிலநடுக்கம் என்னும் துறையே வளர்ந்தது.

நீரும் மின்சாரமும்

மின்சாரம் எவ்வாறு பிறக்கிறது என்று பார்ப்போம். கரீபாவில் நீர் ஏறத்தாழ 90 மீட்டர் உயரத்திலிருந்து குழாய் வழியே இறங்கி, டர்பைன் என்னும் நீர்ச்சுழலியைச் சுழற்றுகிறது. விநாடிக்கு ஒரு கன மீட்டர் நீர் 90 மீட்டர் இறங்கினால், 1,000 × 9.8 × 90 என்னும் கணக்குப்படி 882 கிலோவாட் ஆற்றல் கிடைக்க வேண்டும். உராய்வு முதலியவற்றில் போவது போக ஏறத்தாழ 800 கிலோவாட் கைக்கு வரும். ஆக, 100 மெகாவாட் பொறி ஒன்றை இயக்க விநாடிக்கு 125 கன மீட்டர் நீர் வேண்டும்.

தென்கரை மின் நிலையம் 1959-இன் இறுதியில் மின்சாரம் தரத் தொடங்கியது. 1963-இன் இறுதியில் கூட்டமைப்பு கலைந்தது. 1964-இல் வட ரொடீசியா ஜாம்பியா என்ற பெயரில் விடுதலை பெற்றது. 1965-இல் தென் ரொடீசியாவின் வெள்ளையர் அரசு தன்னிச்சையாகத் தன்னைத் தனி நாடென்று அறிவித்துக்கொண்டது. இப்போது முன்பு சொன்ன முடிவின் விளைவைப் பாருங்கள்: விடுதலை பெற்ற ஜாம்பியாவின் செம்புச் சுரங்கங்களுக்குரிய மின்சாரம், அதன் பகை நாட்டுக் கரையிலிருந்து வரவேண்டியதாயிற்று! ஜாம்பியா காபூவே ஆற்றில் தனி மின் நிலையம் கட்டியது. கரீபாவின் வடகரையிலும் பாறையைக் குடைந்து ஒரு நிலையம் அமைத்தது. அது 1970-களின் பிற்பகுதியில் இயங்கத் தொடங்கியது. ஜிம்பாப்வே 1980-இல் விடுதலை பெற்றது. 1987-இல் இரு நாடுகளும் சேர்ந்து ஜாம்பெசி ஆற்று ஆணையத்தை அமைத்து, நீரைப் பங்கிட்டுக்கொள்ள வழி செய்தன. வடகரையில் 2014-ஐ ஒட்டியும் தென்கரையில் 2018-இலும் நிலையங்கள் விரிவாக்கப்பட்டன. இரு கரைகளும் சேர்ந்து இன்று 2,000 மெகாவாட்டுக்கு மேல் உற்பத்தி செய்யும் திறனுடையவை.

அணையின் அடியில் ஒரு குழி

அணையின் ஆறு மதகுகளும் சுவரின் நடுவுயரத்தில் உள்ளன. திறந்தால் நீர் பீறிட்டுப் பாய்ந்து கீழே ஆற்றுப் படுகையில் விழும். காண அழகான காட்சி. ஆனால் விழும் நீர் பாறை இடுக்குகளில் புகுந்து அழுத்தி, பாளம் பாளமாகப் பாறையைப் பெயர்த்தெடுத்தது. 1980-களின் தொடக்கத்திலேயே அங்கே ஏறத்தாழ 80 மீட்டர் ஆழமான ஒரு குழி உண்டாகிவிட்டது. இக்குழி அணையின் அடித்தளத்தை நோக்கிப் பின்னேறினால் என்ன ஆகும்? வில் அணையின் உயிர்நிலை பாறையில் இருக்கிறது என்று முன்னே கண்டோம்.

காங்கிரீட்டிலும் ஒரு தொல்லை. சிமெண்டிலுள்ள காரப்பொருளும் சில வகைக் கற்களும் ஈரத்தில் மெல்ல வினைபுரிந்து காங்கிரீட்டை வீங்கச் செய்கின்றன. இதனால் மதகுகள் ஏறியிறங்கும் பள்ளங்கள் நெருங்கிப் போயின. இவ்விரண்டையும் சரிசெய்ய, உலக வங்கி முதலிய அமைப்புகளின் உதவியுடன் 30 கோடி டாலருக்குச் சற்றுக் குறைவான செலவில் ஒரு திட்டம் 2015-இல் ஏற்பாடாயிற்று. குழியைக் கீழ்த்திசையில் அகலப்படுத்தி, நீரின் வேகம் அணைக்கு அப்பால் தணியும்படி செய்வது அதன் முக்கியப் பகுதி. அணை என்பது கட்டி முடித்துவிட்டு மறந்துவிடக் கூடிய பொருள் அன்று. ஆயுள் முழுவதும் காவல் வேண்டும் பொருள் என்பதை இது காட்டுகிறது.

ஏரி வற்றிய ஆண்டுகள்

இவ்வளவு பெரிய ஏரி வற்றுமா என்று நீங்கள் கேட்கலாம். மின் நிலையத்துக்கு நீர் புகும் வாயில் ஏரியின் அடியில் இல்லை. கடல் மட்டத்துக்கு மேல் 475.5 மீட்டர் முதல் 488.5 மீட்டர் வரை, அதாவது மேலேயுள்ள 13 மீட்டர் நீரை மட்டுமே மின்சாரத்துக்குப் பயன்படுத்த முடியும். 13 மீட்டரைச் சராசரிப் பரப்பாகிய 5,000 சதுர கிலோமீட்டரால் பெருக்கினால் 6,500 கோடி கன மீட்டர். மொத்த நீரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான்.

வெயிலும் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. இப்பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீர் ஆவியாகிறது. இத்தனை பெரிய பரப்பில் அது சுமார் 800 கோடி கன மீட்டராகும். ஆறு ஓராண்டில் கொண்டுவரும் நீரில் ஐந்தில் ஒரு பங்கு! ஆகவே சில ஆண்டுகள் தொடர்ந்து மழை குறைந்தாலே, கடல் போன்ற ஏரியும் கையறு நிலைக்கு வந்துவிடும்.

அப்படித்தான் ஆயிற்று. 2022-இன் இறுதியில் பயன்படுத்தத்தக்க நீர் நூற்றுக்கு ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தது. ஜிம்பாப்வே தன் பங்கு நீரை முடித்துவிட்டதால், தென்கரை நிலையத்தில் உற்பத்தியை நிறுத்தும்படி ஆணையம் சொல்ல நேர்ந்தது. 2024-இல் எல் நினோவை ஒட்டிக் கடும் வறட்சி வந்தது. ஜாம்பியா அதைத் தேசியப் பேரிடராக அறிவித்தது. அந்நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி நீரிலிருந்தே வருவதால், நாளின் பெரும்பொழுது மின்சாரம் இன்றி நகரங்கள் தவித்தன. பட்டறைகள் ஓய்ந்தன, கடைகளில் குளிர்ப்பெட்டிகள் நின்றன. ஒரே ஆற்றை நம்பிய நாடு, அந்த ஆறு மெலிந்தபோது தானும் மெலிந்தது.

வரவும் செலவும்

கரீபாவின் வரவு செலவுக் கணக்கை இனி நாமே போட்டுப் பார்க்கலாம். வரவுப் பக்கத்தில்: அறுபது ஆண்டுகளுக்கு மேலாகப் புகையின்றிக் கிடைத்த மலிவான மின்சாரம், அதனால் வளர்ந்த சுரங்கங்களும் நகரங்களும், புதிய மீன்வளம், இரு நாடுகள் கூடி நீரைப் பகிரக் கற்றுக்கொண்டது. செலவுப் பக்கத்தில்: உயிரிழந்த தொழிலாளர்கள், மூழ்கிய நிலம், கீழே வெள்ளமும் வண்டலும் குறைந்த ஆறு, இவற்றுக்கெல்லாம் மேலாக 57,000 மக்களின் வாழ்வு. அந்த மக்களின் கண்ணெதிரேதான் மின்கம்பிகள் நெடுந்தொலைவுச் சுரங்கங்களுக்கும் நகரங்களுக்கும் சென்றன. அவர்களுடைய ஊர்களில் பல, பல பத்தாண்டுகள் வரை விளக்கின்றியே இருந்தன.

உலகப் பேரணைகளின் நன்மை தீமைகளை ஆராய 1998-இல் அமைக்கப்பட்ட ஆணையம், விரிவாக ஆராய்ந்த அணைகளுள் கரீபாவும் ஒன்று. குவெம்பே மக்களை நாற்பது ஆண்டுகளாகக் கண்டுவந்த ஸ்கடர் அந்த ஆணையத்தில் ஓர் உறுப்பினராக இருந்தார். வரவு யாருக்கு, செலவு யாருக்கு என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்னும் கருத்து அதன்பின் வலுப்பெற்றது. மொத்தக் கணக்கில் இலாபம் என்று சொல்லிவிட்டால் போதாது. இலாபம் ஒருவர் வீட்டிலும் நட்டம் இன்னொருவர் வீட்டிலும் சேர்ந்தால், அதைச் சரியான கணக்கென்று யாரும் ஒப்பமாட்டார்கள்.

அணைகள் இனியும் கட்டப்படும். மின்சாரம் இன்றி வாழ முடியாது. ஆகவே, அடுத்த முறை ஏதேனும் ஓர் அணையின் மேல் நின்று நீங்கள் நீர்ப்பரப்பைப் பார்க்கும்போது நான்கு கேள்விகளை எழுப்புங்கள். இந்த ஆற்றை எத்தனை ஆண்டுகள் அளந்தபின் அணை கட்டினார்கள்? இதன் அடியிலுள்ள பாறையை இன்று யார் கவனிக்கிறார்கள்? மழை தவறினால் மாற்று என்ன? இந்த நீரின் அடியில் யாருடைய ஊர் இருந்தது, அவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள்? முதல் மூன்றுக்கும் பொறியியலாளர்கள் விடை சொல்வார்கள். நான்காவதற்கு விடை தேடுவது நம் அனைவருடைய கடமை.